ரஷ்யத் தேநீர்க் கிளாஸ் தாங்கியின் சித்திரத்தைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் மேசையில் ஒரு பத்ஸ்தகான்னிக் இருக்கிறது. ரஷ்ய ரயில்களில் சுடச்சுடத் தேநீர் ஊற்றிய கிளாஸை ஒரு காது வைத்த உலோகத் தாங்கியில் நிறுத்திக் கொடுப்பார்களே, அதுதான். 'பத்' என்றால் கீழே, 'ஸ்தகான்' என்றால் கிளாஸ். என்னுடையதன் வயிற்றில் மூன்று குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். நடுவில் இருப்பவர் நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தூரத்தில் எதையோ பார்க்கிறார். அந்தக் கையின் மணிக்கட்டிலிருந்தே ஒரு கதாயுதம் தொங்குகிறது. இடப்பக்கத்து வீரர் வாளைப் பாதி உருவியிருக்கிறார். வலப்பக்கத்து இளைஞரிடம் வில்.

இதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை வருஷத்துப் பழசு?" என்றுதான். ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. வீரர்கள் இல்யா முரோமெத்ஸ், தப்ரின்யா நிகீதிச், அல்யோஷா பபோவிச் மூவரும் பழங்கால ரஷ்ய வாய்மொழிக் கதைப்பாடல்களின் நாயகர்கள். அவர்களை இப்படி வரிசையாக நிறுத்தியது விக்டர் வஸ்னெத்சோவின் ஓவியம். 1881இல் தொடங்கி 1898இல்தான் அதை முடித்தார். இப்போது மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் கூடத்தில் இருக்கிறது. தாங்கியோ சோவியத் காலத்தில் ஆலையில் அச்சடித்து இறங்கியது. ஒரு சாண் தகட்டுக்குள் மூன்று காலங்கள்.

ரஷ்யத் தாங்கிகளில் முக்கால்வாசி இப்படித்தான். சித்திரம் பொருளின் வயதைச் சொல்லாது. செய்தவர்களுக்கு எந்தப் பழைய காலத்தின் மேல் ஆசை இருந்தது என்பதைத்தான் சொல்லும். வயதைச் சொல்வது உலோகமும் வேலைமுறையும் முத்திரையும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் சித்திரத்தைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், காசும் விட்டேன். ஆகவே இந்த வழிகாட்டியில் சித்திரத்துக்கு நான்காவது இடம்தான். அதற்கு முன் மூன்று படிகள் இருக்கின்றன.

படி 1: கிளாஸை வெளியே எடுங்கள்

தாங்கி வேறு, கிளாஸ் வேறு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்யாவில் தாங்கி தோன்றியதிலிருந்தே இப்படித்தான். கிளாஸ் உடைந்தால் வேறு கிளாஸைச் செருகிக்கொள்ளலாம். அதனால் நீங்கள் வாங்கும் தாங்கிக்குள் இருக்கும் கிளாஸ் அதன் முதல் கிளாஸாக இருப்பது அபூர்வம். கிளாஸில் வெட்டிய பூவையோ தங்கக் கோட்டையோ வைத்துத் தாங்கிக்கு வயது சொல்லாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தாங்கிக்குப் பொருந்துவது மெல்லிய சுவருள்ள, நேராக எழும் கிளாஸ். சோவியத் உணவகங்களில் புழங்கிய தடித்த பட்டை கிளாஸ் 1943இலிருந்து கூஸ் ஹ்ருஸ்தால்னி நகரில் லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டது. அது கீழே குறுகி மேலே விரியும், எனவே தாங்கிக்குள் ஆடிக்கொண்டே நிற்கும். விற்பவர் அதைச் செருகிப் படம் எடுத்திருந்தால், அவருக்கு இந்தப் பொருள் பழக்கமில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளாஸை எடுத்த பிறகு தாங்கியின் உட்புறத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெளிப்புறத்தை எல்லோரும் துடைத்துப் பளபளப்பாக்கி வைப்பார்கள். உள்ளே யாரும் கை வைப்பதில்லை.

படி 2: என்ன உலோகம்?

நான்கைந்து வகைதான். வெள்ளி, மெல்கியோர் என்கிற செம்பு-நிக்கல் கலவை, நெய்ஸில்பர் என்கிற செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை, நிக்கல் முலாம் போட்ட பித்தளை, இவற்றோடு மலிவான அலுமினியமும் பிந்தைய காலத்துத் துருப்பிடிக்காத எஃகும். காந்தம் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு, அதற்கு மேல் ஆராய வேண்டாம். விளிம்பிலும் காதின் வளைவிலும் தேய்ந்த இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தால் பித்தளை. கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தால் செம்பின் மேல் வெள்ளி முலாம்.

சோவியத் காலத் தாங்கிகளின் அடியில் 'எம்-என்-ட்ஸெ' என்று மூன்று ரஷ்ய எழுத்துகள் அடிக்கடி தென்படும். மேத் (செம்பு), நிக்கல், ட்ஸிங்க் (துத்தநாகம்) என்பதன் முதலெழுத்துகள் அவை. அதாவது நெய்ஸில்பர். இந்த மூன்றெழுத்தை ஏதோ அரண்மனைப் பட்டறையின் பெயர் என்று விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளி உயர்ந்தது, மற்றது மட்டம் என்று நினைக்க வேண்டாம். வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களிலேயே வெள்ளிதான் முதலிடம். செம்பு-நிக்கல் கலவைகள் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்துவதில்லை. கொதிக்கும் தேநீரோடு வெள்ளித் தாங்கியின் காதைப் பிடித்தவருக்கும் மெல்கியோர் காதைப் பிடித்தவருக்கும் இந்த வித்தியாசம் விரலிலேயே தெரியும். ஆடும் ரயிலுக்கு இந்தக் கலவைகள் ஒத்துப்போனதற்கு விலை மட்டும் காரணமில்லை.

படி 3: வேலைமுறையைக் கண்டுபிடியுங்கள்

இதற்குப் பத்து மடங்கு காட்டும் லென்ஸ் வேண்டும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அதே லென்ஸ். பெரிய விலை இல்லை.

முதலில் அச்சு வேலை. தகட்டை எஃகு அச்சில் அழுத்தி உருவத்தைப் புடைக்க வைப்பது. அடையாளம் சுலபம்: வெளியே மேடு எங்கே இருக்கிறதோ, உள்ளே அங்கே பள்ளம் இருக்கும். வீரரின் குதிரையை உட்புறத்திலிருந்து தடவிப் பார்க்கலாம். விளாதிமிர் வட்டாரத்தின் கல்சூகினோ ஆலையிலிருந்து வந்தவற்றில் பெரும்பான்மை இந்த ரகம். 1871இல் வணிகர் அலெக்ஸாந்தர் கல்சூகின் தொடங்கிய செம்பு ஆலை அது. ஊருக்கே அவர் பெயர்தான். சோவியத் காலத்தில் நாட்டின் ரயில் பெட்டிகளுக்கும் வீடுகளுக்கும் தாங்கிகள் பெருமளவில் அங்கிருந்துதான் போயின.

அடுத்தது வார்ப்பு. பெரும்பாலும் காது மட்டும் வார்ப்பாக இருக்கும். அதை உடம்போடு பற்றவைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பத்தர்கள் சொல்லும் 'பொடி வைத்து ஊதும்' வேலைதான். பற்றவைத்த இடத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய பற்று மெல்லிய கோடாக, சுற்றியுள்ள உலோகத்தோடு ஒரே நிறத்தில் கறுத்திருக்கும். ஈயம் மாதிரி சாம்பல் நிறத்தில் கட்டியாக இருந்தால், யாரோ பின்னால் ஒட்டவைத்த காது.

மூன்றாவது கம்பி வேலை, ரஷ்யர்கள் 'ஸ்கான்' என்பார்கள். முறுக்குவது என்ற பொருளுள்ள பழைய வினையிலிருந்து வந்த சொல். இரண்டு மெல்லிய கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, பிறகு தட்டையாக்கி, சுருள்களாக வளைத்து, இடையிடையே சின்னக் குண்டுமணிகள் வைத்துப் பற்றவைப்பது. வோல்கா கரையில் கஸ்த்ரொமா வட்டாரத்தின் க்ராஸ்னயே கிராமமும், நீஷ்னி நோவ்கரத் வட்டாரத்தின் கஸாகவோ ஊரும் இதற்குப் பேர் போனவை. கஸாகவோவில் வெள்ளி முலாம் போட்ட செம்புக் கம்பியில் செய்வது வழக்கம். அதனால் ஸ்கான் வேலை என்றாலே வெள்ளி என்று கிடையாது.

உண்மையான கம்பி வேலையையும் அதைப் பார்த்து வார்த்த போலியையும் பிரிப்பது இப்படி. லென்ஸில் ஒரே ஒரு சுருளின் மேல்விளிம்பைப் பாருங்கள். முறுக்கித் தட்டையாக்கிய கம்பியில் சாய்ந்த சின்னச் சின்ன வெட்டுகள் கயிறு மாதிரி ஓடும், ஒவ்வொன்றும் கூர்மையாக இருக்கும். சுருளின் முனை அடுத்த கம்பியைத் தொடும் இடத்தில் பற்றின் துளி தெரியும். வார்ப்பில் அந்த வெட்டுகள் மழுங்கிப்போய் சோப்பில் செதுக்கியதுபோல இருக்கும், சுருளும் அடுத்த கம்பியும் இடைவெளியில்லாமல் ஒன்றாகவே வளர்ந்திருக்கும். ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் அப்புறம் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

நான்காவது கறுப்புப் பதிக்கும் வேலை. இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வடக்கே வெலிகி உஸ்த்யூக் நகரத்து வெள்ளிக்காரர்கள் வெள்ளியில் கோடு செதுக்கி, வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்ந்த கறுப்புக் கலவையை அதில் நிரப்பி, சூளையில் உருக்கி, பிறகு மேற்பரப்பைச் சமமாக அராவுவார்கள். அழியும் நிலைக்கு வந்த இந்தக் கலையை அதன் கடைசி வல்லுநர்களில் ஒருவரான மிஹயீல் சிர்கோவ் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். 1930களில் அங்கே உருவான பட்டறைதான் 'ஸேவெர்னயா சேர்ன்', அதாவது 'வடக்கின் கறுப்பு'. ஆலைத் தாங்கிகளில் இருக்கும் கறுப்பு வேறு விஷயம். அது பள்ளங்களில் ரசாயனத்தால் ஏற்றிய வெறும் நிறம், மேடுகளைத் தேய்த்து வெளுக்க விட்டிருப்பார்கள். சோதனைக்கு நகம் போதும். உஸ்த்யூக் வேலையில் கறுப்பின் மேல் நகத்தை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், கறுப்பும் வெள்ளியும் ஒரே மட்டம். ஆலைக் கறுப்பில் நகம் பள்ளத்தில் இறங்கி ஏறும்.

எனாமலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறங்களுக்கு நடுவே முறுக்குக் கம்பி வேலியாக நின்றால் கம்பி எனாமல். தகட்டைக் குடைந்து அந்தக் குழியில் நிறம் நிரப்பியிருந்தால் குழி எனாமல். சூளை ஏறாத பிசின் வண்ணம் பிளாஸ்டிக் மாதிரி மங்கலாகப் பளபளக்கும், சூளையேறிய எனாமல் கண்ணாடிதான், அப்படியே தெரியும்.

படி 4: எந்தப் பழமையைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்?

சரி, இனி சித்திரம். ஆரம்பகாலத் தாங்கிகள் எளிமையானவை. அன்றைய ஐரோப்பிய வெள்ளி வேலையை ஒட்டிய துளை வேலைச் சுவரும் மாலைத் தோரணமும்தான். 'ரஷ்யப் பழமை' என்று இன்று நாம் அடையாளம் காணும் சித்திரங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் புகுந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல முடியும். பட்டறைக்காரர்களின் மேசைக்கு வந்த மாதிரிப் படங்களிலிருந்து வந்தன.

முதலாவது, பியோதர் ஸோல்ன்த்செவ் என்ற ஓவியர். அரசாங்கம் அவரை ஊர் ஊராக அனுப்பி, கிரெம்ளின் ஆயுதசாலையிலும் மடங்களிலும் இருந்த பழம்பொருள்களை வரையச் செய்தது. அந்தப் படங்கள் 1849 முதல் 1853 வரை வண்ண அச்சில் வெளிவந்தன. 17ஆம் நூற்றாண்டு ஜார்களின் கிண்ணங்களில் இருந்த வளைகொடிகளும், 'க்ரின்' என்கிற அல்லி முளையும் இப்படித்தான் எல்லாப் பட்டறைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. தாங்கியில் மூன்று இதழ் விரிந்த அல்லி, நெளிந்த தண்டு, நீலம்-வெள்ளை-பச்சை எனாமல் என்று கண்டால் மனத்தில் ஸோல்ன்த்செவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாஸ்கோ ஸ்த்ரோகனவ் கலைப்பள்ளியின் விக்தர் புதோவ்ஸ்கி 1870இல் வெளியிட்ட தொகுப்பு. 10 முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலான ஓலை... இல்லை, அங்கே ஓலை ஏது, தோல் ஏடுகளின் தலைப்பெழுத்து அலங்காரங்கள். உடல் கயிறாகப் பின்னிக்கொண்டு தன் வாலைத் தானே கடிக்கும் விலங்குகள், முடிச்சுக்குள் சிக்கிய பறவைகள். தாங்கியின் காது ஒரு மிருகத்தின் கழுத்தாக வளைந்து பின்னலுக்குள் மறைந்தால் அதன் வேர் இந்த ஏடுகளில்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. 1872இல் விளாதிமிர் ஸ்தாஸவ் கிராமத்துத் துணி எம்பிராய்டரி, நெசவு, சரிகைப் பின்னல் வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டார். மரத்தின் இருபுறமும் எதிரெதிரே நிற்கும் பறவைகள், குதிரைகள், எட்டுமுனை நட்சத்திரம். உலோகக்காரர்கள் அதை அப்படியே வெள்ளியில் இறக்கினார்கள், குறுக்குத் தையலின் சதுரக் கட்டங்களைக்கூட விடவில்லை! ஊசிக்கு வளைகோடு கஷ்டம், அதனால் சேவலின் வால் படிப்படியாக ஏறும். உளிக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. இருந்தும் குழி எனாமலில் சிவப்பும் நீலமுமாக அதே படிக்கட்டு வாலைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பொருளின் இயலாமை இன்னொரு பொருளில் அலங்காரமாக மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. மாஸ்கோவின் அவ்சின்னிகவ், ஹ்லேப்னிகவ் நிறுவனங்களின் 1870-80களின் வேலையில் இதைத் தேடிப் பாருங்கள்.

அதே காலத்தில் இன்னொரு விளையாட்டும் நடந்தது, வெள்ளியை வெள்ளியாகவே தெரியவிடாத விளையாட்டு. மரக்கட்டை அடுக்கிய குடிசைச் சுவர் மாதிரி, பூர்ச்ச மரப்பட்டை மாதிரி, பின்னிய கூடை மாதிரி, மேலே துண்டு மடித்துப் போட்ட மாதிரி. கட்டை அடுக்கிய தாங்கியைப் பார்த்து 'நாட்டுப்புற வேலை' என்று நினைத்துவிடாதீர்கள். இது நகரத்துப் பணக்காரர் மேசைக்குச் செய்தது. கிராமத்தான் வீட்டில் கட்டைச் சுவர் நிஜமாகவே இருந்தது. அதை வெள்ளியிலும் பார்க்க அவனுக்கு என்ன தலையெழுத்து?

1900ஐ ஒட்டிய பதினைந்து ஆண்டுகளில் காற்று மாறியது. கருவிழிப்பூ (ஐரிஸ்), அல்லி, நெளியும் சாட்டைக் கோடு, கூந்தல் விரித்த பெண் முகம். அன்று ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த வார்சாவின் நோர்ப்லின், ஃபிராஷே நிறுவனங்களின் முலாம் தாங்கிகளில் இவை ஏராளம். இதற்குப் பக்கத்திலேயே, மாஸ்கோவில் ஃபியோதர் ரூக்கெர்ட் பழைய ரஷ்யக் கொடிகளை எடுத்து, சாம்பல் கலந்த பச்சை, பழுப்பு, மங்கிய நீலம் என்று நிறம் மாற்றி, நடுவில் கம்பிச் சுருள்களை நிரப்பினார். புகழ்பெற்ற நகை நிறுவனமான ஃபாபெர்ஷேக்கும் அவர் வேலை செய்து கொடுத்தார். 1880களின் 'பழமை' பளிச்சென்று திருவிழா மாதிரி இருக்கும். ரூக்கெர்ட்டின் பழமை காடு மாதிரி இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அதே 17ஆம் நூற்றாண்டை இரண்டு தலைமுறைகள் எவ்வளவு வேறாகக் கனவு கண்டன என்பது புரியும்.

புரட்சிக்குப் பிறகு கோதுமைக் கதிர், நட்சத்திரம், சுத்தியல்-அரிவாள். 1957க்குப் பிறகு வானம் திறந்துகொண்டது. பூகோளம், அதைச் சுற்றும் ஸ்பூத்னிக் செயற்கைக்கோள், வளைந்து எழும் ராக்கெட். 1960களில் பழமை மறுபடியும் திரும்பி வந்தது. 'பொன் வளையம்' என்ற சுற்றுலாப் பாதையின் பெயர் 1967இல் புழக்கத்துக்கு வந்து, ஸூஸ்தல், விளாதிமிர் போன்ற பழைய ஊர்களுக்குச் சுற்றுலா பெருகிய காலம் அது. மூன்று குதிரை வண்டியும் என் மூன்று வீரர்களும் கடைகளில் நின்றது இந்தச் சூழலில்தான்.

தாகெஸ்தான் மலையில் இருக்கும் குபாச்சி கிராமத்து வெள்ளிக்காரர்களை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று எனக்கு எப்போதும் குழப்பம். அவர்கள் யாருடைய மாதிரிப் படத்தையும் பார்த்துச் செய்யவில்லை. வாள் உறையிலும் கத்திப் பிடியிலும் தங்கள் கை செய்துகொண்டிருந்த கொடியைத்தான் தாங்கியிலும் செதுக்கினார்கள். நடுத்தண்டின் இருபுறமும் சமமாகக் கிளைத்தால் 'துத்தா'. தொடக்கமும் முடிவும் தெரியாமல் புதராக நிரம்பினால் 'மர்ஹராய்'. எல்லை கட்டிய பதக்கத்துக்குள் அடங்கினால் 'தம்கா'. இந்த மூன்று சொற்கள் போதும், குபாச்சித் தாங்கி எதையும் பிரித்துப் படிக்கலாம்.

படி 5: 'இதற்கு முன் இல்லை' என்று கோடு போடுங்கள்

சித்திரம் வயதைச் சொல்லாது என்றேன். ஆனால் ஒரு எல்லையைச் சொல்லும். கட்டடம் எழும்புவதற்கு முன் அதன் படத்தைத் தாங்கியில் அடித்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

கிரெம்ளின் கோபுர உச்சியைப் பாருங்கள். 1935 வரை அங்கே இரட்டைத் தலைக் கழுகு இருந்தது, அந்த ஆண்டில்தான் நட்சத்திரம் ஏறியது. உச்சியில் நட்சத்திரம் என்றால் 1935க்கு முன் போகாதீர்கள். மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அடுக்குக் கோபுரம் 1953இல் திறந்தது. ஸ்பூத்னிக் 1957 அக்டோபர் 4. விண்வெளி வீரன் முகம் என்றால் ககாரின் பறந்த 1961 ஏப்ரல் 12க்குப் பிறகு. மாஸ்கோவின் ஒஸ்தான்கினோ தொலைக்காட்சிக் கோபுரம் 1967. ஒலிம்பிக் கரடிக்குட்டி மீஷா இருந்தால் 1980 போட்டியை ஒட்டியது. 1613, 1913 என்று இரண்டு ஆண்டுகள் சேர்ந்து இருந்தால் ரொமானவ் வம்சத்தின் முந்நூறாவது ஆண்டு நினைவு.

சோவியத் அரசுச் சின்னம் இருந்தால் கதிரைச் சுற்றிய நாடா மடிப்புகளை எண்ணுங்கள். 11 என்றால் 1936க்குப் பின், 16 என்றால் 1946 முதல் 1956 வரை, 15 என்றால் அதற்குப் பின். குடியரசுகளின் எண்ணிக்கைதான் நாடாவின் எண்ணிக்கை. சின்ன அச்சில் சில வேளை மடிப்புகளை விழுங்கிவிடுவார்கள், எனவே இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

இரட்டைத் தலைக் கழுகு பெரிய பொறி. 1917க்கு முன் அது ஜார் சின்னம். 1993 நவம்பரிலிருந்து அது ரஷ்யக் கூட்டமைப்பின் சின்னமும்கூட. விமான நிலையக் கடைகளில் புத்தம் புதுத் தாங்கிகள் கழுகோடு வரிசையாக நிற்கின்றன. இணையத்தில் ஒருவரிடம் 'ஜார் காலத்துத் தாங்கி' என்று நான் வாங்கியது இந்த ரகம்தான். கழுகைப் பார்த்தேன், வாங்கினேன், உட்புறத்தைப் பார்க்கவில்லை. வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் உள்ளே அச்சின் எண்ணெய்ப் பிசுக்குகூடப் போகவில்லை.

படி 6: கடைசியில் முத்திரை

முத்திரையை ஏன் முதலில் பார்க்கக் கூடாது? அதைப் பார்த்துவிட்டால் கண் மற்றதைப் பார்க்காது. போலி செய்பவனும் முத்திரையில்தான் கவனம் வைப்பான். மேலே சொன்னவற்றை எல்லாம் குறித்துக்கொண்டு, ஒரு காலத்தை ஊகித்த பிறகு, முத்திரை அதற்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஜார் கால வெள்ளியில் தரம் ஸலத்னிக் கணக்கில் இருக்கும். ஒரு ரஷ்யப் பவுண்டுக்கு 96 ஸலத்னிக். 84 என்றால் 96இல் 84 பங்கு வெள்ளி, ஆயிரத்துக்கு 875. 88ம் 91ம் அதைவிட உயர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டு முத்திரையில் நகரச் சின்னம் தனியாக இருக்கும். மாஸ்கோவுக்குக் குதிரைமேல் புனித கியோர்கி, பீட்டர்ஸ்பர்குக்குக் குறுக்கிட்ட நங்கூரங்களும் செங்கோலும். தரப் பரிசோதகரின் முதலெழுத்துகளோடு ஆண்டும் அடித்திருப்பார்கள், அது கிடைத்தால் அதிர்ஷ்டம். 1899 முதல் 1908 வரை 'ககோஷ்னிக்' தலைப்பாகை அணிந்த பெண் முகம் இடப்புறம் பார்க்கும். 1908க்குப் பின் வலப்புறம் பார்க்கும், கூடவே வட்டாரத்துக்கு ஒரு கிரேக்க எழுத்தும் இருக்கும். ஆல்பா என்றால் பீட்டர்ஸ்பர்க், டெல்டா என்றால் மாஸ்கோ. 1927 முதல் சுத்தியலோடு தொழிலாளியின் முகம், தரம் 875 போன்ற மெட்ரிக் எண்ணில். 1958 முதல் நட்சத்திரத்துக்குள் சுத்தியல்-அரிவாள்.

உடம்பில் மட்டுமல்ல, தனியாகச் செய்து பற்றவைத்த காதிலும் சின்ன முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். முத்திரை உளியால் அடித்ததாக இருக்க வேண்டும். விளிம்பு கூர்மையாக, சுற்றிலும் உலோகம் கொஞ்சம் நெளிந்து இருக்கும். வார்ப்போடு வார்ப்பாக வந்த முத்திரை உருண்டு மங்கிக் கிடக்கும்.

எழுத்துகள் இருந்தால் இன்னொரு சாவி. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் மெய்யில் முடியும் ரஷ்யச் சொற்கள் பலவற்றின் கடைசியில் ஒலிக்காத 'யெர்' எழுத்து நிற்கும். அது இல்லாமல் 'ஜார் காலம்' என்றால் நம்பாதீர்கள். இருந்தாலும் உடனே நம்ப வேண்டாம். இன்றைய வியாபாரிகளுக்கு அந்த எழுத்தின் மேல் அலாதிப் பிரியம்.

சோவியத் தாங்கிகளில் சில வேளை விலையே அடித்திருக்கும். 1961 ஜனவரியில் பத்துப் பழைய ரூபிள் ஒரு புது ரூபிள் ஆனது. சாதாரண நெய்ஸில்பர் தாங்கியில் இருபது, முப்பது ரூபிள் என்று இருந்தால் அது அநேகமாகப் பழைய கணக்கு. இரண்டு, மூன்று ரூபிள் என்றால் புதுக் கணக்கு.

படி 7: கை வைப்பதற்கு முன்

வாங்கியதும் எல்லோருக்கும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கத் தோன்றும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் போட்டு வெள்ளி வெளுக்கும் வித்தை இணையம் முழுக்க இருக்கிறது. அது கறுப்பை வெளுக்கும். எந்தக் கறுப்பு வேண்டியது, எது வேண்டாதது என்று அதற்குத் தெரியாது. திராட்சைக் கொடி போட்ட ஒரு தாங்கியை அதில் முக்கி எடுத்தேன். பத்து நிமிடத்தில் இலை நரம்பு, பழத்தின் உருண்டை எல்லாம் போய், வழுவழுவென்று ஒரு தகரம் மாதிரி வெளியே வந்தது. பள்ளத்துக் கறுப்புதான் அந்தச் சித்திரத்தின் பாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இளஞ்சூட்டுத் தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு, மெல்லிய பல்துலக்கும் பிரஷ், உடனே துணியால் ஒற்றி எடுப்பது. இவ்வளவு போதும். புளி, எலுமிச்சை வேண்டாம், முலாம் தேய்ந்த பித்தளையை அரிக்கும். எனாமல் இருந்தால் சூடான தண்ணீரிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றாதீர்கள், விரிசல் விடும். கம்பி வேலையைத் துணியால் துடைக்க வேண்டாம், நூல் மாட்டி சுருளை இழுத்துவிடும். தலைமுடி உலர்த்தியில் குளிர்காற்றை வைத்து ஊதினால் போதும்.

இன்னொரு விஷயம். ரஷ்யாவில் நேரில் வாங்கினால் பழைய பொருளை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக விதிகள் இருக்கின்றன. நூறு ஆண்டு தாண்டியது போலத் தெரிந்தால் கடைக்காரர் சொல்லை நம்பிப் பெட்டியில் போடாமல், அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

படி 8: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு பக்கம். உலோகம், வேலைமுறை, சித்திரம், கடன் வாங்கிய காலம், 'இதற்கு முன் இல்லை', முத்திரை, குறை. முத்திரை நீங்கள் முதலில் எழுதியதோடு மோதினால் அடிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீரர்களுக்கான என் பக்கம் இப்படி இருக்கிறது:

"நெய்ஸில்பர். உடம்பு அச்சு வேலை, உட்புறம் பள்ளம் தெளிவு. காது வார்ப்பு, பற்று பழையது. பள்ளங்களில் ரசாயனக் கறுப்பு, இடப்பக்கக் குதிரையின் கழுத்தில் தேய்ந்துவிட்டது. சித்திரம்: கதைப்பாடல் வீரர்கள், வஸ்னெத்சோவ் ஓவியத்தின் வழியாக. 1898க்கு முன் இல்லை. அடியில் எம்-என்-ட்ஸெ, விலை ஒற்றை இலக்க ரூபிள், ஆகவே 1961க்குப் பின். கிளாஸ் பிற்காலத்தது. நடுவீரர் தூரத்தைப் பார்க்கும் கை காதுக்கு நேர் எதிரே வருகிறது. வலக்கையால் பிடித்துக் குடித்தால் அவர் எதிரே இருப்பவரைப் பார்க்கிறார்."